இருபத்துநாலாயிரம் விமானங்கள்

அந்த எண்ணை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடியும்வரை சர்க்காரைத் திட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல நழுவிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

என் பெயர் முனியராஜ். ஆமத்தூர்ப் பக்கம் பலவேசம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சின்னக் கம்பெனி, ராக்கெட் மட்டும்தான் சரக்கு. வேலைக்கு இருபத்திரண்டு பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி கருப்பம்மாள். இரண்டாயிரத்து நாலாம் வருடத்துச் சீசனுக்கு ராக்கெட்டுக்கு ‘வானவேந்தன்’ என்று புதுப்பெயர் வைத்து, சிவகாசியில் லேபிள் அச்சடிக்கக் கொடுத்திருந்தோம். ராக்கெட் மேலே போகிறது, ஒரு ஆகாய விமானம் கீழேயிருந்து அதைப் பொறாமையோடு பார்க்கிறது. அதுதான் படம். புரூப் வந்தபோது ஓரத்தில் ‘உயரம் 300 அடி’ என்று இருந்தது.

“பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆயிரம்னு போட்டுருக்கான். நாம முந்நூறுன்னு போட்டா எவன்யா வாங்குவான்? கூட்டிப் போடு” என்றார் முதலாளி.

“எம்புட்டு மொதலாளி?”

“எடம் எம்புட்டு இருக்கோ அம்புட்டு.”

விமானத்தின் வாலுக்கும் லேபிள் ஓரத்துக்கும் நடுவே ஐந்து இலக்கத்துக்கு இடம் இருந்தது. 30,000 என்று திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பொய் இல்லை. பத்தாயிரம் வாலாவைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர் யாரும் கிடையாது. பெட்டிமேல் இருக்கும் எண், கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போடுவது மாதிரி ஒரு மரியாதைக்கு.

செப்டம்பர் முதல் வாரம் நாற்பது கேஸ் ராக்கெட் மேகசினில் அடுக்கியிருந்தது. கேஸுக்கு அறுநூறு, ஆக இருபத்துநாலாயிரம். செய்து முடித்த சரக்கை வைக்கிற கட்டடம்தான் மேகசின். லைசென்சில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் அதில் ஒரு பெட்டிகூட வைக்க முடியாது. நிறைந்துவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும். லாரி வந்து லோடு ஏற்றிப் போனால்தான் மறுநாள் பெண்களுக்கு வேலை. அன்று பாட்னா லாரி வரவேண்டிய நாள். லாரிக்கு முன்னால் ஒரு ஜீப் வந்து, ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனது.

‘பொருள்: வானவேந்தன் வகை விமானம் – குறுக்கப்பட்ட செங்குத்து இடைவெளி வான்வெளியில் அங்கீகாரமின்றி இயக்க உத்தேசித்தது – தரையில் நிறுத்திவைத்தல் – தொடர்பாக.’

முதலாளி மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார்.

“ஏலே முனியராஜ், நாம எப்பலே விமானம் வாங்குனோம்?”

மறுநாள் சூலக்கரைக்குப் போனோம். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடத்தில் அந்த அலுவலகம் இருந்தது. அதன் முழுப்பெயர் பலகையின் இரண்டு பக்கத்திலும் எழுதியும் முடியாமல் சுவரில் தொடர்ந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் ‘இடைவெளி ஆபீஸ்’ என்றார்; எங்களுக்கும் அதுவே போதும். உள்ளே அதிகாரி ஜெயச்சந்திரன், எழுத்தர் சுப்புலட்சுமி, ஒரு சுவர்க்கடிகாரம். கடிகாரம் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அதிகாரி எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கி உட்காரவைத்தார். டீ வந்தது.

“வானத்துல இருபத்தொன்பதாயிரம் அடியிலிருந்து நாப்பத்தோராயிரம் அடி வரைக்கும் பெரிய விமானங்கள் போகுது. முன்னாடி, மேல போற விமானத்துக்கும் கீழ போற விமானத்துக்கும் நடுவுல ரெண்டாயிரம் அடி இடைவெளி விடணும். போன நவம்பர்லேருந்து அதை ஆயிரமாக் குறைச்சுட்டாங்க. இடைவெளி குறைஞ்சா உயரத்தைச் சரியா அளக்கணும். அதனால விமானத்துக்கு ஒரு அங்கீகாரம், அதை இயக்குபவருக்கு ஒரு அங்கீகாரம். ரெண்டும் இல்லாம அந்த உயரத்துக்குப் போகக்கூடாது. உங்க விமானம் முப்பதாயிரம்.”

“அய்யா, அது தீவாளி ராக்கெட்டு” என்றார் முதலாளி.

“தெரியும். ஆனா உயரத்தை நீங்கதானே எழுதிக்கொடுத்திருக்கீங்க?” அவர் ஒரு கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் எண்ணெய் ஊறிய எங்கள் லேபிள். அச்சில் வீணான காகிதமெல்லாம் எங்கள் ஊர் டீக்கடைகளில் வடை மடிக்கப் போகும். அப்படி ஒரு வடையோடு அது இவர் மேஜைக்கு வந்திருக்கிறது. ‘சான்றாவணம் 1’ என்று அதன்மேல் முத்திரை குத்தியிருந்தார்கள்.

“உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? இந்த மாவட்டத்துல விமான நிலையம் இல்லை. விமானமும் இல்லை. ஆனா அலுவலகம் வந்துடுச்சு. பத்து மாசமா அறிக்கையில ‘எதுவுமில்லை, எதுவுமில்லை’ன்னு எழுதி அனுப்பிட்டிருக்கேன். மார்ச்சுல மறுஆய்வு. ஒரு கோப்பு இல்லைன்னா இதை மூடிடுவாங்க. அன்னிக்கு அந்த வடையைப் பிரிச்சுப் பார்த்தேன். சாமி கண்ணைத் திறந்துட்டார்.” அவர் உண்மையாகவே அந்த லேபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சுப்புலட்சுமி படிவத்தை எடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்தான், சாத்தூர்.

“எத்தன எஞ்சின் அண்ணாச்சி?”

“மருந்து ஒரு எடத்துலதாம்மா கெட்டிச்சிருக்கோம்.”

“ஒண்ணு. இருக்கை?”

“இல்லம்மா.”

“பூஜ்யம். உசரம் காட்டுற கருவி ரெண்டு இருக்கணும். ஒண்ணு தப்பாக் காட்டுனா இன்னொண்ணு காட்டிக்குடுக்கணும்.”

“வெரல் தண்டிதாம்மா ராக்கெட்டே இருக்கும். எங்கன மாட்ட?”

“குச்சில மாட்டுங்க.” அப்படியே எழுதினார். “ஏறுன உசரத்துலயே தானா நிக்குமா?”

“நிக்காதும்மா. வெடிச்சுரும்.”

“திரும்பி வருமா?”

“குச்சி வரும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தரையிறக்கம்: பகுதியளவில்’ என்று எழுதினார். அந்தப் படிவத்தில் உண்மையான தகவல் அது ஒன்றுதான்.

லேபிள்மேல் 300 அடி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி முகம் மாறிவிட்டது. விசாரணையில் இருக்கும் விமானத்தின் பயணத் திட்டத்தைத் திருத்தினால் அது சாட்சியத்தை அழிப்பது, முதலாளியின் லைசென்சுக்கே ஆபத்து என்றார். முதலாளி என் தொடையைக் கிள்ளினார்.

மேகசின் நிறைந்து கிடக்க, வேலை நின்றது. தீபாவளிக்கு இரண்டு மாதம். வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகூடப் பெண்கள் வேலைக்கு வருகிற காலம் அது. இருபத்திரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். தினமும் காலையில் கம்பெனி வாசல் வரைக்கும் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் உள்ளேயிருந்து அவர்களைப் பார்க்காத மாதிரி எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

“சீசன்ல நான் வீட்ல ஒக்காந்துருக்கது இதுதான் மொத வருசம்” என்றாள் கருப்பம்மாள். “எந்தக் கூறுகெட்டவன் அந்த நம்பரப் போட்டான்?”

“பிரஸ்காரனா இருக்கும்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

அடுத்து பயிற்சி. விமானத்தை இயக்குபவர் முதலாளி என்றாலும், திரியில் நெருப்பு வைப்பவன் நான் என்பதால் விமானி நான்தான் என்று முடிவாகியிருந்தது. மூன்று நாள் வகுப்பு, மாணவன் நான் ஒருவன். முப்பதாயிரம் அடியில் மூச்சு முட்டினால் முகமூடியை எப்படி மாட்ட வேண்டும் என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தார் ஜெயச்சந்திரன். எனக்கு ஆயிரம் அடி மேலே பெரிய விமானம் போய், அந்தக் காற்றில் நான் ஆடினால் பதறக்கூடாது என்றார் இரண்டாம் நாள். பதற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பரீட்சை. ‘குறித்த உயரத்திலிருந்து முந்நூறு அடி தவறினால் எத்தனை மணி நேரத்துக்குள் அறிக்கை தரவேண்டும்?’ எழுபத்திரண்டு என்று எழுதினேன். பாஸ். என் வாழ்நாளில் நான் ஏறிய அதிக உயரம் கம்பெனித் தண்ணீர்த் தொட்டி. சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டச் சொன்னார் முதலாளி. மாட்டவில்லை. வீட்டில் அவள் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு உயரச் சோதனை. ஒரே மாதிரி விமானங்கள் என்றால் இரண்டே இரண்டைப் பறக்கவிட்டுப் பார்த்தால் போதும், மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கீகாரம் கிடைத்துவிடும் என்று சுப்புலட்சுமி ரகசியமாகச் சொல்லியிருந்தார். எங்களுக்கு உயிர் வந்தது. ஆமத்தூர்க் கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு சோடாப் பாட்டிலை ஊன்றினோம். அதிகாரிக்கு ஒரு நாற்காலி, ஒரு குடை. இருபத்திரண்டு பெண்களும் கரையில் வந்து நின்றார்கள்.

முதல் ராக்கெட் நேராக, அழகாக, பனைமரத்தைத் தாண்டிப் போய் வெடித்தது. நான் முதலாளியைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது ராக்கெட் பாதி உயரத்தில் மனம் மாறி, இடதுபக்கம் திரும்பி, சீமைக்கருவேலப் புதருக்குள் போய் வெடித்தது.

“ரெண்டும் வேற வேற” என்றார் ஜெயச்சந்திரன்.

“கையால செய்யுறது, அப்பிடித்தானய்யா இருக்கும்.”

“அதான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. அப்போ இது ஒரே வகைக்குள்ள வராது. ஒவ்வொண்ணும் தனி விமானம். ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிக்கணும்.”

ராக்கெட் நூற்றைம்பது அடிதான் போயிருக்கிறது, இருபத்தொன்பதாயிரத்துக்குப் பக்கத்திலேயே போகாத விமானத்துக்கு இவர் அங்கீகாரமே தேவையில்லையே என்று அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பயிற்சி பெற்றவன் அல்லவா. சொன்னேன்.

“நீங்க முப்பதாயிரத்துக்கு மனுப் போட்டிருக்கீங்க. நூத்தம்பதுல நின்னுட்டீங்க. இருபத்தொன்பதாயிரத்து எண்ணூத்தைம்பது அடி விலகல். முந்நூறு அடிக்கே அறிக்கை கேப்பாங்க!” அவர் கண்களில் கோபமில்லை, ஆசைதான் இருந்தது. “இவ்வளவு பெரிய விலகல் வேற எந்த மாவட்டத்துலயும் வந்திருக்காது.”

“சரிங்கய்யா. ஆனா சோதிச்சா அது தீந்து போயிருமே?”

“தகுதி பெற்ற பிறகு விமானத்தை எப்படிப் பராமரிக்கணுங்கிறது இயக்குபவரோட பொறுப்பு. அதுல நாங்க தலையிட மாட்டோம்.”

பதினாலாம் எண் படிவத்தை முதலாளியிடம் நீட்டினார். “எதுலன்னாலும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்கேன், மேகசினக் காலி பண்ணி விட்டாப் போதும்” என்று படிக்காமலேயே போட்டார் முதலாளி. அவரை என்ன சொல்வது? நானும் அப்படித்தானே புரூப்பில் போட்டேன்.

மேகசின் காலியாகத் தொடங்கியது. ஆனால் சோதனை முடியும்வரை புது விமானம் கட்டக்கூடாது என்று அந்தப் படிவத்திலேயே இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் வீதம் இருபத்துநாலு நாள். காலை எட்டு மணிக்குக் கண்மாயில் இருபது பாட்டில் ஊன்றிவிடுவோம். நான் ஊதுபத்தியோடு வரிசையாகப் போவேன். பட்டப்பகலில் ராக்கெட் விட்டால் ஒளி கிடையாது, ஒரு புகைக் கோடும் ஒரு சத்தமும்தான். ஆமத்தூர் மாடுகள் இரண்டு நாள் மிரண்டன, பிறகு பழகிவிட்டன. எனக்குப் பழகவில்லை. ஒவ்வொன்றும் யார் கட்டியது என்று குச்சியில் நூல் சுற்றியிருக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது செல்லக்கனி கட்டியது, இது கருப்பம்மாள் கட்டியது. பற்றவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவேன்.

பெண்களுக்கும் வேலை வந்தது. விழுந்த விமானத்தின் பாகங்களைச் சேகரித்துக் கோப்போடு சேர்க்க வேண்டுமாம். அவர்கள் கட்டிய குச்சிகளை அவர்களே புதர் புதராகத் தேடிப் பொறுக்கினார்கள். ஒவ்வொரு குச்சியிலும் அங்கீகாரச் சீட்டைச் சுப்புலட்சுமி நூலால் கட்டினார். அறிக்கையில் ‘விலகலுக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘வெடித்துவிட்டது’ என்று எழுதி எழுதி அவருக்குக் கை வீங்கியதால், அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுத்தோம்.

நாலாம் நாளிலிருந்து யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அறிக்கைகள் முந்தின நாளே எழுதப்பட்டு, உயரம் 150 என்று நிரப்பப்பட்டு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜெயச்சந்திரன் குடைக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“அய்யா, அதான் ஒருத்தரும் பாக்கலியே. கொளுத்தாமலே எழுதிக்கிடலாமே? மிச்சம் பதினேழாயிரம் இருக்கு. லாரில ஏத்தி விட்டா இருபத்திரண்டு பேருக்கும் நாளைக்கே வேல.”

அவர் பேப்பரை மடித்தார். பேசும்போது குரலில் வருத்தம் இருந்தது.

“பறக்காத விமானம் பறந்ததா எழுதச் சொல்றீங்களா முனியராஜ்? பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பொய்க் கணக்கு எழுதினதில்லை.”

அங்கே நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுபத்தியை மாற்றினேன்.

மழைக்கு நாலு நாள் நின்று, விட்டு விட்டு நடந்து, தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் கடைசி ராக்கெட்டை விட்டோம். அது நேராகத்தான் போனது. கண்மாய்க் கரையில் ஷாமியானா போட்டு நிறைவு விழா. ஜெயச்சந்திரனுக்கு முதலாளி மாலை போட்டார். போடச் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு விமானம்கூட இல்லாத மாவட்டம் என்று நம்மைக் கேலி செய்தார்கள்” என்று மைக்கில் தொடங்கினார் அவர். “இன்று இருபத்துநாலாயிரம் விமானங்களுக்கு அங்கீகாரம் வழங்கியிருக்கிறோம். இவற்றில் ஒன்றுகூட வானத்தில் இன்னொன்றோடு மோதவில்லை. இனி மோதவும் முடியாது. இதைவிடப் பாதுகாப்பு உலகில் எங்கே இருக்கிறது? நமது அலுவலகத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள். எனக்குச் சென்னைக்குப் பதவி உயர்வு. இந்த வெற்றியில், வேலை வெட்டி என்று பாராமல் குச்சி பொறுக்கிய தாய்மார்களுக்கும் பங்கு உண்டு. பண்டிகைக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டோம். இனி நீங்கள் தாராளமாக லோடு ஏற்றலாம்.”

தடை நீக்க உத்தரவை முதலாளி கையில் கொடுத்தார். நாங்கள் கம்பெனிக்குப் போய் மேகசினைத் திறந்தோம். முதலாளி உள்ளே நடுவில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கூட்டிப் பெருக்கிய மாதிரி இருந்தது.

“பொங்க கழிச்சுப் பாப்பம்லே” என்று மட்டும் சொன்னார். பொங்கல் கழித்து அவர் கம்பெனியைத் திறப்பார் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

குச்சிகளை அலுவலகத்தில் வைக்க இடமில்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட விமானங்களை இயக்குபவரிடம் ஒப்படைத்தல்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். முதலாளி பெண்களிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள். கருப்பம்மாளின் கட்டைத் தூக்கிவிட்டேன். பாதி வழி நடந்திருப்போம்.

“அந்த நம்பரப் போட்டது நாந்தான்” என்றேன்.

“தெரியும். ஒங்க சட்டயத் தொவைக்கும்போது பையில அந்தப் புரூப்போட ஜெராக்ஸ் கெடந்துச்சு. செப்டம்பர்லயே தெரியும்.”

“பெறகு ஏன் தெரியும்னு சொல்லல?”

“நீங்களாச் சொல்லுவீகளான்னு பாத்தேன்.” கட்டைச் சரிசெய்துகொண்டாள். “ஒரு சைபரக் கொறச்சுப் போட்டுருந்தா மூவாயிரம். ஒருத்தனும் கேட்டுருக்க மாட்டான். இருபத்திரண்டு பேரும் சீசனப் பாத்துருப்போம்.”

இந்த விலகலுக்கு எந்த அறிக்கை என்று மூன்று நாள் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

தீபாவளியன்று காலையில் அவள் அடுப்பில் அந்தக் குச்சிகளை வைத்தாள். நன்றாகக் காய்ந்திருந்தன. அங்கீகாரச் சீட்டுகளைத் தனியே உருவியெடுத்துப் பற்றவைக்க வைத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் அந்த மாதம் முழுக்க விறகு வாங்க வேண்டியிருக்கவில்லை. சோற்றில்தான் லேசாகக் கரிமருந்து வாடை அடித்தது. அதையே சாப்பிட்டோம்.